கல்லைக் கரைத்துக் குடிக்கும் பயிர்

குவாரிக் கழிவும் ஆலைக் கசடும் வயலுக்கு எருவாகுமா? ஆகும். ஆனால் எந்தக் கல், எந்த மண் என்று கேட்ட பிறகுதான் டிப்பரை வரப்புக்குள் விட வேண்டும்.

மொரீசியஸ் தீவின் கரும்புக் காடுகளுக்கு நடுவே இன்றும் கரிய கற்குவியல்கள் நிற்கின்றன. சில குவியல்கள் மாடி வீட்டு உயரம், படிப்படியாக அடுக்கியவை. அடுக்கியவர்களில் நம் ஆட்களும் உண்டு. 1834 தொடங்கி இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதி வரை இந்தியாவிலிருந்து ஏறக்குறைய நாலரை லட்சம் ஒப்பந்தக் கூலிகள் அந்தத் தீவில் கப்பலிறங்கினார்கள். பெரும்பாலோர் பிகார், உத்தரப் பிரதேசப் பக்கத்தவர். சென்னைத் துறைமுகம் வழியாகப் போன தமிழர்களும் தெலுங்கர்களும் கணிசம். எரிமலை கக்கிய தீவு என்பதால் மண்வெட்டி விழுந்த இடமெல்லாம் பசால்ட் கல். அதைப் பொறுக்கி ஓரங்கட்டினால்தான் கரும்பு நட இடம் கிடைக்கும். முதலில் ஆப்பிரிக்க அடிமைகள் பொறுக்கினார்கள், பிறகு கூலிகள் பொறுக்கினார்கள், இருபதாம் நூற்றாண்டில் புல்டோசர் வந்து மிச்சத்தைத் தள்ளியது.

இத்தனை பேர் முதுகொடிய வெளியேற்றிய கல்லைப் பொடியாக்கித் திரும்ப அதே மண்ணில் போட்டால் என்ன என்று ஒருவருக்குத் தோன்றியது. தோத்மான் த வில்லியே என்பது அவர் பெயர். சர்க்கரைத் தொழிலுக்கான சர்வதேச இதழ் ஒன்றில் 1961-ல் தன் சோதனைகளை வெளியிட்டார். மழை அடித்து அடித்துச் சத்தெல்லாம் கழுவிக்கொண்டு போன பழைய மண்ணில், வழக்கமான தழை, மணி, சாம்பல் சத்து உரங்களோடு ஹெக்டேருக்கு 20 டன்னுக்கும் மேலே பசால்ட் தூளைச் சேர்த்தார். உரம் மட்டும் போட்ட பாத்திகளைவிடக் கரும்பு விளைச்சல் 30 சதவீதம் வரை கூடியது. அதுவும் ஒரு வெட்டோடு நிற்கவில்லை, தொடர்ந்து ஐந்து அறுவடைக்கு வந்தது.

அந்தக் காலத்தில் இதைப் பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. மூட்டை உரம் மலிவாகக் கிடைத்த காலம். யார் போய்க் கல்லை அரைத்துக்கொண்டிருப்பார்கள்? இப்போது நிலைமை வேறு. பொட்டாஷுக்கு இந்தியா ஏறக்குறைய முழுவதும் இறக்குமதியை நம்பியிருக்கிறது. உக்ரைன் போர் மூண்ட 2022-ல் 50 கிலோ மூட்டை 1,700 ரூபாயைத் தொட்டதை விவசாயிகள் மறந்திருக்க மாட்டார்கள். இன்னொரு பக்கம், ஊருக்கு ஊர் கிரஷர்களும் எம்-சாண்ட் ஆலைகளும் வந்து, அவற்றின் பின்புறம் யாரும் சீந்தாத தூள் மலைபோலச் சேர்ந்து கிடக்கிறது. இந்த இரண்டையும் முடிச்சுப் போடலாமே என்ற யோசனை உலகம் முழுக்கக் கிளம்பியிருக்கிறது. யூடியூபிலும் கிளம்பியிருக்கிறது. அங்கேதான் கொஞ்சம் கவனமாக இருக்க வேண்டியிருக்கிறது.

மழை ஒரு மெல்லிய அமிலம்

கல்லில் சத்து இருப்பது புதுச் செய்தி அல்ல. தழைச்சத்து நீங்கலாகப் பயிர் கேட்கும் கனிமங்கள் எல்லாமே மூலத்தில் பாறையிலிருந்து வந்தவைதான். சுண்ணாம்பு, மக்னீசியம், பொட்டாசியம், பாஸ்பரஸ், இரும்பு, துத்தநாகம், போரான் என்று பட்டியல் நீளும். மழைத்துளி விழும்போதே காற்றிலுள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு மெல்லிய கார்பானிக் அமிலமாகிறது. மண்ணுக்குள் போனதும் வேர்களும் நுண்ணுயிர்களும் விடும் மூச்சால் அந்த அமிலம் இன்னும் கூடுகிறது. போதாததற்கு வேர் முனைகள் சிட்ரிக், ஆக்சாலிக் போன்ற அமிலங்களைக் கசியவிடுகின்றன. இவையெல்லாம் கல்லின் முகத்தை அரித்து, உள்ளே இருக்கும் உலோக அயனிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி நீரில் விடுகின்றன. பாறை மண்ணாவது என்பது இதுதான். தானாக நடந்தால் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் பிடிக்கும். கல்லை மாவாக அரைத்தால் அமிலம் தொடும் பரப்பு பல ஆயிரம் மடங்கு கூடுகிறது, காலம் சுருங்குகிறது. இந்த வித்தை முழுவதும் அரவையில்தான் இருக்கிறது.

இயற்கை இந்த வேலையை அளவில்லாமல் செய்துகொண்டிருக்கிறது. சகாரா பாலைவனத்தின் தென்புறம், சாட் நாட்டில், போடேலே என்று ஒரு வற்றிய ஏரிப்படுகை இருக்கிறது. அங்கிருந்து கிளம்பும் தூசி அட்லாண்டிக் கடலைக் கடந்து அமேசான் காட்டில் விழுகிறது. செயற்கைக்கோள் தரவுகளை வைத்து 2015-ல் வெளியான கணக்குப்படி, ஆண்டுக்கு 2.77 கோடி டன் தூசி அமேசான் படுகையில் இறங்குகிறது. அதில் 22,000 டன் பாஸ்பரஸ். மழையிலும் வெள்ளத்திலும் அந்தக் காடு இழக்கும் பாஸ்பரஸ் ஏறக்குறைய எவ்வளவோ அவ்வளவு. உலகின் பெருங்காடு பாலைவனத் தூசியில் ஒரு வாய் உண்கிறது.

நம் தென்மாவட்ட விவசாயிகளுக்கு இதை நீட்டி முழக்கிச் சொல்ல வேண்டியதில்லை. கோடையில் கண்மாய் வற்றியதும் கரம்பை அடிப்பது அங்கே பழைய பழக்கம். மேட்டு நிலத்துப் பாறையும் மண்ணும் கரைந்து வந்து குளத்தின் அடியில் படிந்த நயமான வண்டலை வண்டி வண்டியாக வாரி வயலில் கொட்டுவார்கள். செம்மண்ணிலும் மணற்பாங்கான புன்செய்யிலும் கரம்பை விழுந்தால் ஈரம் நிற்கும், சத்தும் பிடிக்கும். இடையில் அனுமதிச் சீட்டு, கனிமவளத் துறை, கலெக்டர் ஆபீஸ் அலைச்சல் என்று இந்தப் பழக்கம் நொண்டியடித்தது. 2024-ல் தாசில்தாரே அனுமதி கொடுக்கலாம் என்று தமிழக அரசு விதியைத் தளர்த்தியது. நன்செய்க்கு ஏக்கருக்கு 75 கன மீட்டர், புன்செய்க்கு 90 கன மீட்டர் வரை கட்டணமில்லாமல் எடுக்கலாம். கல்தூள் பற்றிப் பேசும் யாரும் முதலில் தங்கள் ஊர்க் குளத்துக் கரம்பையைக் கணக்கில் எடுப்பது நல்லது. இயற்கை அரைத்துச் சலித்து, பக்கத்திலேயே கொண்டுவந்து வைத்திருக்கும் கல்தூள் அது. ஒரு எச்சரிக்கை: சாயப்பட்டறையும் தோல் பதனிடும் ஆலையும் கழிவு விட்ட குளம் என்றால் அந்த வண்டலைத் தொடாதீர்கள்.

எல்லாக் கல்லும் ஒன்றல்ல

தமிழ்நாட்டுக் கிரஷர்களில் அரைபடுவது பெரும்பாலும் சார்னோகைட், கிரானைட் நைஸ் வகைப் பாறைகள். பல்லாவரம், பரங்கிமலைப் பாறைக்குச் சார்னோகைட் என்று பெயர் வந்ததே ஒரு வேடிக்கை. கல்கத்தாவைத் தொடங்கியதாகச் சொல்லப்படும் ஜாப் சார்னாக்கின் கல்லறைக்கல் இங்கிருந்து போனது. அதைப் பார்த்துத்தான் நிலவியலாளர் தாமஸ் ஹாலண்ட் அந்தப் பெயரை வைத்தார். வீடு கட்ட, ரோடு போட இந்தப் பாறைகளை மிஞ்ச ஆளில்லை. அதே உறுதிதான் வயலில் குறையாகிறது. இவற்றில் கணிசமான பங்கு குவார்ட்ஸ், அதாவது வெறும் மணல். எத்தனை நுண்ணியதாக அரைத்தாலும் பயிருக்கு அது மணலாகவே இருக்கும்.

இங்கே ஒரு ஏமாற்று வேலை நடக்க இடமுண்டு. கிரானைட் தூளை ஆய்வகத்துக்கு அனுப்பினால் பொட்டாஷ் 4 சதவீதம், 5 சதவீதம் என்று சீட்டு வரும். பசால்ட்டில் 1 சதவீதம் இருந்தாலே பெரிது. அப்படியானால் கிரானைட்தான் உசத்தியா? இல்லை. கிரானைட்டின் பொட்டாசியம் ஃபெல்ட்ஸ்பார் படிகத்துக்குள் கிடக்கிறது, இரும்புப் பெட்டிக்குள் பூட்டிச் சாவியைத் தொலைத்த பணம் மாதிரி. பயிரின் ஆயுளுக்குள் அது வெளியே வராது. பசால்ட்டில் இருப்பது கொஞ்சம் என்றாலும் அதன் பைராக்சீன், ஆலிவீன், சுண்ணாம்பு மிகுந்த ஃபெல்ட்ஸ்பார் போன்ற தாதுக்கள் எளிதில் கரைகின்றன. ஆக, கேட்க வேண்டிய கேள்வி மொத்தம் எவ்வளவு இருக்கிறது என்பதல்ல, எவ்வளவு கழன்று வரும் என்பது.

பசால்ட்டுக்கு எங்கே போவது? மகாராஷ்டிரம், மத்தியப் பிரதேசம் பக்கம் தக்காணப் பீடபூமி முழுக்கச் சுமார் 6.6 கோடி ஆண்டுக்கு முந்தைய எரிமலைக் குழம்பு உறைந்த பசால்ட். அங்குள்ள கரிசல் அதிலிருந்து பிறந்தது. நம் கோவில்பட்டி, அருப்புக்கோட்டைக் கரிசல் அப்படியல்ல. நிறம் ஒன்றென்றாலும் அதன் மூலம் நைஸ் வகைப் பாறைகள். ஆனால் தமிழ்நாடு வெறுங்கையோடும் இல்லை. கிருஷ்ணகிரி, தர்மபுரி, விழுப்புரம் மாவட்டங்களில் பழைய பாறைகளைப் பிளந்துகொண்டு நீண்ட சுவர்கள்போல் ஓடும் டோலரைட் படிவங்கள் இருக்கின்றன. கல்லறைக்கும் அடுக்களை மேடைக்கும் ‘பிளாக் கிரானைட்’ என்று ஏற்றுமதியாவது இந்தக் கல்தான். திண்டிவனம் பக்கத்துக் ‘குன்னம் பிளாக்’ இந்த வகையில் பேர்போனது. வியாபாரி கிரானைட் என்றாலும் நிலவியலாளருக்கு அது பசால்ட்டின் உடன்பிறப்பு. அதே குழம்பு பூமிக்கு மேலே வழிந்து சட்டென உறைந்தால் பசால்ட், அடியிலேயே மெல்ல ஆறினால் டோலரைட். பாளமாக வெட்டி எடுக்கும் இந்தக் குவாரிகளில் விரிசல் விழுந்த, புள்ளி விழுந்த கல்லெல்லாம் கழிவு. வெட்டி எடுப்பதில் பெரும்பங்கு குவாரி ஓரத்திலேயே மலையாகக் குவிகிறது. எரு என்ற கோணத்தில் பார்த்தால் தமிழ்நாட்டின் நல்ல சரக்கு ஜல்லிக் கிரஷரின் பின்புறத்தில் இல்லை. ஒதுக்கித் தள்ளிய இந்தக் கறுப்புக் கற்களில்தான் இருக்கிறது.

கிரஷரில் போய்க் கேட்டால் எல்லாமே கருங்கல் என்பார்கள். வித்தியாசத்தைக் கண்ணாலேயே ஓரளவு பார்த்துவிடலாம். கன்வேயர் வாய்க்குக் கீழே விழும் தூளில் ஒரு கைப்பிடி அள்ளி, கண்ணாடி டம்ளர் தண்ணீரில் அலசிக் கலங்கலைக் கொட்டிவிட்டு, அடியில் தங்கியதை வெயிலில் வைத்துப் பாருங்கள். நைஸ் பாறை என்றால் கண்ணாடிச் சில்லாக மின்னும் குவார்ட்ஸும், வெளிறிய அல்லது இளஞ்சிவப்பான ஃபெல்ட்ஸ்பாரும், நகத்தால் கீறினால் ஏடு ஏடாகப் பிரியும் கறுப்பு மைக்காவும் தெரியும். டோலரைட் தூளில் இந்த மினுக்கு இருக்காது. கரும்பச்சை ஓடிய சாம்பல் நிறம், ஒரே டம்ளர் அளவுக்குக் கையில் கூடுதல் கனம். இது முதல் பார்வைக்கு மட்டும். ஆய்வகச் சீட்டு இல்லாமல் ஒரு லோடுகூட இறக்க வேண்டாம்.

இன்னொன்றும் பார்க்க வேண்டும். எம்-சாண்ட் ஆலையில் மணலைக் கழுவும்போது மிக நயமான தூள் சேறாக வெளியேறும். கான்கிரீட்டுக்கு அது ஆகாது. எனவே குட்டையில் தேக்கி, காய்ந்ததும் எங்காவது கொட்டுகிறார்கள். கட்டடத்துக்கு வேண்டாத அந்த மாவுதான் வயலுக்கு வேண்டியது. கல் சரியான கல்லாக இருந்தால், அரவைக் கூலிகூட மிச்சம்.

பிரேசில் எழுதிய சட்டம்

கல்தூளை நாட்டு வைத்தியமாக விட்டுவிடாமல் சட்டத்துக்குள் கொண்டுவந்த நாடு பிரேசில். அவர்களுக்கு வேறு வழியும் இல்லை. சோயாவும் சோளமும் கரும்பும் விளையும் செராடோ பகுதி மண் நம் லேட்டரைட்டைப்போல மழையில் சத்திழந்த, அமிலம் கூடிய சிவப்பு மண். உரத்தில் ஏறக்குறைய 85 சதவீதம் வெளிநாட்டிலிருந்து வருகிறது, பொட்டாஷில் 95 சதவீதத்துக்கும் மேல். தெற்கே சுமார் 13.4 கோடி ஆண்டுப் பழமையான பசால்ட் பரப்பு நம் தக்காணத்துக்கு ஈடாகப் பரந்து கிடக்கிறது. சாவோ பாவ்லோ, பரானா மாநிலங்களின் காப்பி செல்வம் அந்தப் பசால்ட் மண்ணில் விளைந்ததுதான். பிரேசிலியா பல்கலைக்கழகத்தின் ஒத்தோன் லெயோனார்டோஸ் போன்ற நிலவியலாளர்கள், நல்ல பாறையை அரைத்துச் சத்திழந்த மண்ணுக்குக் கொடுக்கலாம் என்று 1980-களிலிருந்தே எழுதிவந்தார்கள். எம்பிராப்பா என்ற அரசு வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் வயல் சோதனைகளை நடத்தியது.

2013 டிசம்பரில் பிரேசிலின் உரச் சட்டத்தில் திருத்தம் வந்து, கல்தூள் தனி வகையாக இடம்பெற்றது. 2016 மார்ச்சில் வேளாண் அமைச்சகம் வரையறைகளை எண்ணாகவே எழுதியது. சுண்ணாம்பு, மக்னீசியா, பொட்டாஷ் மூன்றும் சேர்ந்து குறைந்தது 9 சதவீதம் இருக்க வேண்டும். பொட்டாஷ் தனியாக 1 சதவீதமாவது வேண்டும். தனித்து நிற்கும் குவார்ட்ஸ் 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. பத்து லட்சத்தில் ஆர்சனிக் 15 பங்கு, காட்மியம் 10, ஈயம் 200, பாதரசம் 0.1 என்பது உச்ச வரம்பு. எத்தனை நயமாக அரைத்தது என்பதற்கும் தரம் உண்டு. இந்தப் பட்டியலில் எனக்கு மிகவும் பிடித்தது குவார்ட்ஸ் வரம்புதான். ஒரே கோட்டில் பாதி ஏமாற்றுக்காரர்களைக் கழித்துக்கட்டிவிடுகிறது. நம் கிரஷர் தூளில் பல இந்த வாசற்படியைத் தாண்டுவது கடினம். இங்கே டிப்பரில் வரும் டஸ்ட்டுக்கு எந்தக் கல் என்று எழுதிய ரசீதுகூடக் கிடைப்பது அரிது.

ஆடு சொன்ன சாட்சி

குவாரி மட்டுமல்ல, ஆலைக் கழிவும் எருவான கதை உண்டு. சொல்லப்போனால் அதுதான் மூத்த கதை. பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் இரும்புத் தாதுவில் பாஸ்பரஸ் கூடுதல், எஃகு நொறுங்கிப்போகும். லண்டன் போலீஸ் கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்த சிட்னி கில்கிரிஸ்ட் தாமஸ், வேதியியல் தெரிந்த தன் உறவினர் பெர்சி கில்கிரிஸ்டோடு சேர்ந்து, உலையின் உட்சுவரைச் சுண்ணாம்புச் சத்துள்ள கல்லால் பூசி, பாஸ்பரஸைக் கசடோடு இழுத்துவிட வழி கண்டார். ஆண்டு 1878. எஃகு சுத்தமானது, கசடு மலைமலையாகச் சேர்ந்தது. அந்தக் கசடில் பாஸ்பேட் நூற்றுக்குப் பதினைந்து பங்கும் அதற்கு மேலும் இருப்பதை ஜெர்மானியர்கள் கண்டுகொண்டு, அரைத்துத் ‘தாமஸ் மாவு’ என்று விற்றார்கள். தாமஸ் 1885-லேயே, 34 வயதில் இறந்துபோனார்.

இங்கிலாந்தில் நார்த்தம்பர்லாந்து மாவட்டத்தின் காக்கிள் பார்க் பண்ணையில் வில்லியம் சோமர்வில் 1896-ல் ஒரு சோதனையைத் தொடங்கினார். கெட்டித்த களிமண், வெளிறிய புல். ஏக்கருக்கு அரை டன் கசடுத் தூள் தூவினார். மண்ணை மட்டும் ஆய்ந்து, புல்லை மட்டும் அறுத்து நிறுக்காமல், ஆட்டை மேயவிட்டு ஆட்டை நிறுத்தார். கசடு விழுந்த துண்டில் வெள்ளைக் குளோவர் என்ற பயறு வகைச் செடி பரவியது. அது காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துக் கொடுக்க, புல்லும் சேர்ந்து தழைத்தது, ஆடு கொழுத்தது. கசடில் தழைச்சத்து துளியும் இல்லை. வேறொரு செடியை எழுப்பி விட்டு அதன் வழியாகத் தழைச்சத்தைக் கொண்டுவந்தது. கல்தூள் போடுகிறவர்கள் கூடவே கொளுஞ்சியோ சணப்போ தக்கைப்பூண்டோ விதைக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல ஆதாரம் தேட வேண்டியதில்லை.

ஜப்பானியர்கள் 1955-ல் எஃகுக் கசடை நெல்லுக்கான சிலிக்கா உரமாகவே அங்கீகரித்தார்கள். நெல் சிலிக்காவைத் தின்று வளரும் பயிர். ஹெக்டேருக்கு 5 டன் விளையும் வயல் ஒரு போகத்தில் 230 முதல் 470 கிலோ சிலிக்கானை மண்ணிலிருந்து எடுத்துவிடும். தாள் விறைப்பாக நிற்பதும், சாயாமல் இருப்பதும், குலைநோயைத் தாங்குவதும் அதனால்தான். வைக்கோலையும் உமியையும் வயலை விட்டு வெளியேற்றிக்கொண்டே இருந்தால் இந்தக் கணக்கில் துண்டு விழும்.

நம் வீட்டுக்குள்ளேயே ஓர் உதாரணம் இருக்கிறது. தூத்துக்குடியில் பாஸ்பாரிக் அமிலம் தயாரிக்கும்போது ஒரு டன் அமிலத்துக்குச் சுமார் 5 டன் வீதம் ஜிப்சம் கழிவாக விழுகிறது. நிலக்கடலைக்கு ஹெக்டேருக்கு 400 கிலோ ஜிப்சம் இட்டு மண் அணைக்கச் சொல்கிறது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம். காரணம் அழகானது. கடலையின் விழுது மண்ணுக்குள் இறங்கிக் காயாகும்போது, தனக்கு வேண்டிய சுண்ணாம்பை வேரிடம் கேட்பதில்லை; தன்னைச் சுற்றியுள்ள மண்ணிலிருந்தே நேராக உறிஞ்சுகிறது. அங்கே இல்லையென்றால் பொக்குக் கடலைதான். திருச்சி மணிகண்டம் பக்கத்துக் களர் நிலங்களிலும் இதே ஜிப்சம் சோடியத்தை விரட்ட உதவுகிறது. கனிமக் கழிவு எருவாகுமா என்று சந்தேகப்படும் விவசாயி, பலமுறை தன் கையாலேயே அதை இட்டிருப்பார்.

கையில் பென்சிலோடு ஒரு கணக்கு

மொரீசியஸ் அளவை எடுத்துக்கொள்வோம். ஹெக்டேருக்கு 20 டன் என்றால் ஏக்கருக்கு 8 டன். நல்ல பசால்ட் தூளில் பொட்டாஷ் 1 சதவீதம் என்று வைத்தால் 80 கிலோ. கடையில் விற்கும் பொட்டாஷ் மூட்டையில் 60 சதவீதம் சத்து, அதாவது மூட்டைக்கு 30 கிலோ. ஆக 8 டன் கல்தூளில் இருப்பது மூன்று மூட்டைக்கும் குறைவு. அதுவும் ஒரே போகத்தில் கிடைக்காது. பாஸ்பேட் 25 கிலோ தேறலாம். சுண்ணாம்பு, மக்னீசியம் பக்கம் போனால் கணக்கு தலைகீழாகிறது. இரண்டும் சேர்ந்து ஒரு டன்னைத் தாண்டும். தழைச்சத்து? பூஜ்யம்.

இந்த ஒரு கணக்கிலேயே பல விஷயம் அடங்கிவிடுகிறது. கல்தூள் போட்டால் யூரியாவே வேண்டாம் என்று சொல்கிறவரிடம் மேற்கொண்டு பேச எதுவும் இல்லை. 1890-களில் ஜெர்மனியின் யூலியஸ் ஹென்சல் கல்மாவை எல்லாவற்றுக்கும் மருந்து என்று எழுதி ஏளனத்துக்கு ஆளானதும் இப்படித்தான். கல்தூளின் பலம் வேறு இடத்தில் இருக்கிறது. அமில மண்ணின் புளிப்பை அது முறிக்கும். புளிப்பு குறைந்தால் வேரைக் கருக்கும் அலுமினியம் அடங்கும், மண்ணில் ஏற்கெனவே சிறைப்பட்ட பாஸ்பரஸும் கொஞ்சம் விடுபடும். அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தில் சோளமும் சோயாவும் மாறி மாறி விளையும் வயலில் நான்காண்டு நடந்த சோதனையின் முடிவு 2024-ல் வெளியானது: விளைச்சல் 12 முதல் 16 சதவீதம் கூடியிருந்தது. அங்கே ஆண்டுதோறும் ஹெக்டேருக்கு 50 டன் போட்டார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஏக்கருக்கு 20 டன்! நம் ஊரில் இதைச் சொன்னால் வரப்பு தாங்காது.

ஆகவே எந்த மண் என்பது இரண்டாவது கேள்வி. பி.ஹெச் 8-ஐத் தாண்டிய சுண்ணாம்புக் கரிசலில் கல்தூளைக் கொட்டுவது வீண். அங்கே கல் கரையவே சோம்பும், சுண்ணாம்பும் ஏற்கெனவே வழிகிறது. கூடலூர், நீலகிரி, கன்னியாகுமரி மலையோரங்களின் அமில மண்ணிலும், புதுக்கோட்டைப் பக்கத்து லேட்டரைட்டிலும்தான் இதற்கு வேலை. அங்கேயும் தேயிலைக்குப் புளிப்பு கொஞ்சம் வேண்டும் என்பதால் அளவு மீறக் கூடாது. மெதுவாகக் கரையும் எதுவும் குறுகிய காலப் பயிரைவிட மரப்பயிருக்கே பொருந்தும். இலங்கையின் அனுராதபுரம் மாவட்டத்தில் 1971-ல் கண்டெடுத்த எப்பாவல பாஸ்பேட் பாறை இதற்குச் சான்று. அரைத்த அந்தத் தூள் தேயிலை, ரப்பர், தென்னைக்குப் பயனாகிறது. நெல்லின் நான்கு மாத அவசரத்துக்கு அதனால் ஓடிவர முடிவதில்லை.

நஞ்சும் நுரையீரலும்

சேலம் சுண்ணாம்புக் கரட்டில் மேக்னசைட் வெட்டிய சுரங்கங்களைச் சுற்றி டியூனைட் என்ற பாறைக் கழிவு குவிந்திருக்கிறது. மக்னீசியம் ஏராளம், கரைவதும் வேகம். காகிதத்தில் பார்த்தால் பசால்ட்டைவிடக் கவர்ச்சியானது. ஆனால் இந்த வகைப் பாறைகளில் நிக்கலும் குரோமியமும் இயல்பாகவே அதிகம். வயலில் ஆண்டுக்காண்டு சேர்ந்தால் திரும்ப எடுக்க வழியில்லை. துருப்பிடிக்காத எஃகு ஆலைக் கசடில் குரோமியம், பாஸ்பாரிக் அமில ஆலையின் பாஸ்போ ஜிப்சத்தில் ஃபுளோரினும் ரேடியத்தின் சுவடும் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வில்லங்கம் உண்டு. அளவு பார்த்துப் போட்டால் சமாளிக்கலாம். அளவு பார்க்காமல் போடுவதற்குப் பெயர் எரு அல்ல, குப்பை கொட்டுவது.

தூவுகிறவரின் நுரையீரலையும் யோசிக்க வேண்டும். கிரஷர் இருக்கும் சாலைகளில் தென்னை மட்டையும் வீட்டுக் கூரையும் சாம்பல் பூத்து நிற்பதைப் பார்த்திருப்போம். இலையில் படிந்த தூசி பயிரின் மூச்சை அடைக்கிறது. மூக்கில் போன குவார்ட்ஸ் தூசி சிலிக்கோசிஸ் ஆகிறது, அதற்கு மருந்தில்லை. வயலில் இதைக் காய்ந்த மாவாக வீசக் கூடாது. சாணத்தோடும் மக்கோடும் ஈரமாகப் பிசறி, உழவுக்கு முன் இறக்கி, உடனே மண்ணில் மூட வேண்டும். மக்கோடு சேர்த்தால் நுண்ணுயிர்களும் கூடவே வேலை செய்யும். இன்னொரு அபாயம் அரசியல் சார்ந்தது. எருவாக்குகிறோம் என்ற போர்வையில் குவாரிக்காரர்கள் கழிவை ஊர்ப் புறம்போக்கில் தள்ளவும், மலையை இன்னும் ஒரு சுற்று வெட்டவும் துணிவார்கள். ஏற்கெனவே கிடக்கும் குவியலுக்கு மட்டும்தான் இந்தப் பேச்சு. எருவுக்காகப் புதிதாக ஒரு பாறையில்கூடத் தோட்டா வைக்கத் தேவையில்லை.

லாரி வாடகை யார் தருவது?

கடைசியில் எல்லாம் வந்து நிற்பது இங்கேதான். கல் சும்மா கிடைத்தாலும் லாரி சும்மா வராது. மூன்று மூட்டை பொட்டாஷ் அளவுச் சத்துக்காக 8 டன்னைக் கிருஷ்ணகிரியிலிருந்து கூடலூர் மலைக்கு ஏற்றினால், டீசல் செலவில் பொட்டாஷ் கடையையே வாங்கிவிடலாம்.

இதற்கு ஒரு புது வழி கிளம்பியிருக்கிறது. கல் கரையும்போது காற்றின் கரியமில வாயு பைகார்பனேட்டாக மாறி, ஆற்றோடு கடலுக்குப் போய் மிக நீண்ட காலம் அங்கேயே தங்குகிறது. உலகம் முழுக்க விளைநிலங்களில் இதைச் செய்தால் ஆண்டுக்கு 50 கோடி முதல் 200 கோடி டன் வரை கரியமில வாயுவைக் குறைக்கலாம் என்று ஷெஃபீல்ட் பல்கலைக்கழகத்தின் டேவிட் பீர்லிங் குழு 2020-ல் கணக்கிட்டது. சீனா, அமெரிக்கா, பிரேசிலோடு இந்தியாவும் முன்வரிசையில். இந்த வாயுக் கணக்கைக் கார்பன் கிரெடிட்டாக விற்று, தூளை விவசாயிக்கு இலவசமாகக் கொடுக்கும் நிறுவனங்கள் வந்துவிட்டன. இந்தியச் சிறு விவசாயிகளின் வயல்களில் பசால்ட் தூவும் மாட்டி கார்பன் என்ற நிறுவனம், 2025 ஏப்ரலில் கரியமில வாயுவை அகற்றும் வழிகளுக்கான எக்ஸ்பிரைஸ் போட்டியின் 5 கோடி டாலர் முதல் பரிசை வென்றது. நல்ல செய்திதான். ஆனாலும் கையெழுத்துப் போடுமுன் விவசாயி கேட்க வேண்டியவை இருக்கின்றன. என் நிலத்தில் கரைந்த வாயுவுக்கு வரும் பணத்தில் என் பங்கு என்ன? என்னென்ன உலோகம் எவ்வளவு இருக்கிறது என்ற சீட்டு என் கைக்கு வருமா? பத்தாண்டு கழித்து மண்ணில் கோளாறு தெரிந்தால் யார் பொறுப்பு?

லாரி வாடகையைக் குறைக்க இன்னொரு வழியும் உண்டு: தூரத்தைக் குறைப்பது. எந்தக் குவாரியில் எந்தக் கல் என்ற பதிவு கனிமவளத் துறையிடம் இருக்கிறது. எந்தச் சர்வே எண்ணில் பி.ஹெச் எவ்வளவு என்ற தகவல் மண்வள அட்டைகள் வழியாக வேளாண் துறையிடம் இருக்கிறது. இரண்டும் ஒரே கலெக்டர் அலுவலக வளாகத்துக் கோப்புகள். கிருஷ்ணகிரியில் டோலரைட் கழிவும் மாந்தோப்பும் அக்கம்பக்கம். அங்கே அமிலம் சற்றுக் கூடிய செம்மண் தோப்பாகத் தேர்ந்து, ஆய்வகத்தில் தேறிய தூளைப் பத்து மரங்களுக்கு மக்கோடு கலந்து வட்டப்பாத்தியில் இட்டு, பக்கத்து வரிசையில் பத்து மரங்களுக்கு மக்கு மட்டும் இட்டு, காயைத் தனித்தனியே எடை போட்டு எழுதி வைக்கலாம். முதல் பருவத்தில் ஒன்றும் தெரியவில்லை என்று நோட்டை மூடிவிடக் கூடாது. குறைந்தது நான்கைந்து காய்ப்பாவது நிறுத்துப் பார்க்க வேண்டும்.